படத்தில் நின்றவருக்கு ஒரு சேட்டு

ஒவ்வொரு ஜூலையும் கிறிஸ்துநாயகம் தன் படத்துக்குத் தானே பூ வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார். வந்து சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு, "இண்டைக்குச் சாப்பாடு என்ன?" என்று கேட்பார். மனைவி கிளடிஸுக்கு அதைக் கேட்டதும் கோபம் உச்சியில் ஏறும். மனிதருக்குப் பசிக்கிறதாம்.

விஷயம் இதுதான். எண்பத்துமூன்று ஜூலையில், கொழும்பில் தமிழரைத் தேடித் தேடி அடித்த அந்தக் கிழமையில், யாரோ ஒரு படம் எடுத்தார். பூட்டிய கடையொன்றின் இரும்புக் கதவோடு ஒட்டிக்கொண்டு ஓர் இளைஞன் நிற்கிறான். உடம்பில் ஒரு துண்டுத் துணி கிடையாது. இரண்டு கைகளாலும் தன்னை மறைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருக்கிறான். முகம் பாதிதான் தெரிகிறது. படம் எடுத்த கையோடு அவனைக் கொன்றுவிட்டார்கள் என்றுதான் படத்தைப் பார்த்த தமிழர் எல்லாரும் நம்புகிறார்கள். 'பெயர் தெரியாத எங்கள் சகோதரன்' என்று நினைவுநாள் மேடையில் கட்டுகிற பனரில் எழுதியிருக்கும். கிளடிஸுக்கு அந்தச் சகோதரனின் பெயர் தெரியும். மூட்டு வலிக்கு அவர் என்ன குளிசை போடுகிறார் என்பதும், எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் குறட்டை விடுவார் என்பதும் தெரியும்.

அவர்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த காலம் அது. அகதியாகக் கனடாவுக்கு வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில், யாரோ தெருவில் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில்தான் இருவரும் படத்தை முதன்முதலாகப் பார்த்தார்கள். கிறிஸ்துநாயகம் அதை நாலாக மடித்துக் கோட்டுக்குள் வைத்தார். "ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம், என்ன" என்றார். அவள் சொல்லவில்லை. சந்தியில் அம்மணமாக நின்றவர் இவர்தான் என்று ஊர் அவரைப் பார்த்து இரங்குவதை அவளாலும் தாங்கியிருக்க முடியாது. பிறகு அந்த இளைஞனுக்கு முடி கொட்டியது, வயிறு வைத்தது, மூக்கில் கண்ணாடி ஏறியது. அடையாளம் காண ஆளில்லாமல் போயிற்று.

படம் மட்டும் சும்மா இருக்கவில்லை. பிரசுரத்திலிருந்து கலண்டருக்குப் போனது. ஜூலை மாதத் தாளுக்கு அதுதான். காசு சேர்க்கிற உண்டியலில் ஒட்டினார்கள். ஊர்வலத்தில் தடியில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு பேஸ்புக் வந்தது. மற்றப் பக்கத்துச் சிங்கள ஆட்கள் சிலர் அதே படத்தை எடுத்து, கீழே சிரிக்கிற முகங்களைப் போட்டு, இன்னொருமுறை வேண்டுமா என்று எழுதினார்கள். இவர்கள் அழுவதற்கும் அவர்கள் சிரிப்பதற்கும் அதே மனிதர், அதே அம்மணம். இத்தனை பேர் தூக்கித் திரிகிறார்களே, ஒருத்தருக்காவது அந்தப் பிள்ளைக்கு ஒரு துணியைப் போட வேண்டும் என்று தோன்றவில்லையே என்று கிளடிஸ் மனதுக்குள் திட்டுவாள்.

மகள் ஜெனாட் எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூட வேலைக்காக அந்தப் படத்தைக் கொம்பியூட்டரில் எடுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்துப் பெரிய மட்டையில் ஒட்டினாள். அப்பா, நேராக இருக்கிறதா என்று கேட்டாள். கிறிஸ்துநாயகம் எட்ட நின்று பார்த்து, "இடப்பக்கம் கொஞ்சம் தூக்கு" என்றார். கிளடிஸ் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

அஜின்கோர்ட்டில் ஒரு மண்டபத்தில் வருடா வருடம் நினைவுநாள் நடத்துகிறவர் சச்சிதானந்தன். வந்த புதிதில் கிறிஸ்துநாயகத்தோடு ஒரே தொழிற்சாலையில், ஒரே மேசையில் வேலை செய்தவர். அவருக்கு இருக்கிற ஒரே கூட்டாளி என்றும் சொல்லலாம். நினைவுநாளுக்குச் சொல்ல முதல் போன் கிறிஸ்துநாயகத்துக்குத்தான் எடுப்பார். மேடையில் பனர், அதன் கீழே வெள்ளைத் துணி விரித்த மேசை, குத்துவிளக்கு, ஒரு தட்டில் பூ. சனம் வரிசையாக வந்து ஆளுக்கொரு பூ எடுத்துப் படத்துக்கு வைக்கும். கிறிஸ்துநாயகமும் வரிசையில் நின்று வைப்பார்.

"ஏனப்பா போய் வைக்கிறியள்?" என்று கிளடிஸ் ஒருமுறை வாய்விட்டே கேட்டாள்.

"எல்லாரும் வைக்கேக்க நான் மட்டும் வைக்காட்டி ஏனெண்டு கேப்பினம்" என்றார். பிறகு, "அந்தப் பெடியனைப் பாக்கவும் பாவமாக் கிடக்கு" என்றார்.

உயிரோடு இருக்கிறவரின் படத்துக்கு விளக்குக் கொளுத்திப் பூ வைப்பது ஆயுசுக்குக் கூடாது. சைவக்காரரும் ஒப்பமாட்டார்கள், கிறிஸ்தவ வேதக்காரரும் ஒப்பமாட்டார்கள். அதனால் நினைவுநாள் முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளடிஸ் அவருடைய சுகத்துக்காகக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுப்பாள். அவர்கள் வைத்த பூவை அந்தப் பூசை அழித்துவிடும் என்பது அவளுடைய கணக்கு. அவருக்கு ஜூலையிலா பிறந்தநாள் என்று பங்குச் சுவாமி ஒருநாள் கேட்டார். ஓம் சுவாமி என்று சொல்லிவிட்டாள். கோயிலுக்குள் நின்று அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

இப்படியே போயிருக்கும். இந்த வருடம் ஜூன் மாதம், வோபர்னில் தமிழ்க்கடையில் வெண்டிக்காய்க்கு முன்னால் சச்சிதானந்தன் அவளைக் கண்டுவிட்டார்.

"தங்கச்சி, இந்த முறை பனர் இல்லை" என்றார். முகமெல்லாம் சந்தோசம். "மன்னார் யோசப்பின்ர மகள் மெலனி, தெரியுமெல்லோ? ஆர்ட்டிஸ்ற். டவுன்ரவுன்ல பெரிய கலரியளில அவவின்ர வேலை தொங்குது. அந்தப் படத்தைப் புதுசாச் செய்து தாறன் எண்டு தானாக் கேட்டு வந்தவ. சுவர் அளவுக்குச் செய்யிறா."

"சுவர் அளவுக்கோ?"

"ஆளுயரத்துக்கு மேல. வெள்ளைக்காரப் பேப்பரெல்லாம் வரும் எண்டு சொல்லுகினம்."

கிளடிஸ் வெண்டிக்காய்ப் பையைத் திரும்பத் தட்டில் வைத்தாள். கலண்டர் அளவில் இருந்தவரைப் பனராக்கினார்கள். இப்போது பனரைச் சுவராக்கப் போகிறார்கள். இந்த வயதில், வெள்ளைக்காரர் வந்து கமரா பிடிக்க, அவருடைய அம்மணம் சுவரை நிறைத்துக்கொண்டு நிற்கப் போகிறது. எப்பாடு பட்டாவது இதை நிறுத்திவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள். போய்ப் பார்க்க ஆசை என்று மட்டும் சொல்லி, அந்தப் பிள்ளை எங்கே இருந்து வேலை செய்கிறாள் என்று கேட்டு வைத்துக்கொண்டாள்.

அடுத்தநாள் காலை கிறிஸ்துநாயகத்துக்குச் சொல்லாமல் பஸ் ஏறினாள். வழியெல்லாம் சொல்ல வேண்டியதைப் பாடமாக்கிக்கொண்டு போனாள். பிள்ளை, அந்தப் படத்தை விட்டுவிடு. அவருக்கும் ஒரு தாய், ஒரு பெண்சாதி இருந்திருப்பார்கள். உன் அப்பாவை இப்படி மாட்டுவாயா? இதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. உண்மையைச் சொல்வதே இல்லை.

வெக்ஸ்போர்டில் கார் திருத்துகிற கராஜ் ஒன்றின் பின்பக்கம் மெலனியின் இடம். கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தலைமயிரில் நூல் துண்டுகள் ஒட்டியிருந்தன.

"சச்சி அங்கிள் போன் பண்ணினவர், நீங்கள் வருவியள் எண்டு. வாங்கோ அன்ரி. சப்பாத்தைக் கழட்டாதேங்கோ, கீழ ஊசி கிடக்கும்."

பாடமாக்கியதைச் சொல்ல வாயைத் திறந்தபடி கிளடிஸ் உள்ளே போனாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

சுவர் முழுக்க ஒரு பருத்தித் துணி தொங்கியது. அதில் அந்தப் படம் அச்சாகியிருந்தது. ஆனால் அவர் அம்மணமாக இல்லை. அந்த உடம்பின் மேல் வெள்ளை நூலால் வேட்டியும் சேட்டும் தைத்திருந்தாள் மெலனி. மேலே துணி வைத்து ஒட்டிய வேலை இல்லை. ஒவ்வோர் இழையாகக் கையால் தைத்து நிரப்பிய வேலை. வேட்டியின் மடிப்புக்கு ஒரு வெள்ளை, நிழலுக்கு இன்னொரு வெள்ளை. கிளடிஸ் கன்னியர் மடத்தில் தையல் படித்தவள். அந்த வேலைக்கு எத்தனை மாதம் பிடித்திருக்கும், கண் எப்படி எரிந்திருக்கும் என்று பார்த்த உடனே விளங்கியது. கோபத்தோடு வந்தவளுக்கு அந்தத் தையலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

பிறகுதான் மற்றவர்களைக் கண்டாள்.

இவ்வளவு காலமும் அவள் பார்த்த படத்தில் அவர் மட்டும்தான் இருந்தார். இங்கே அவரைச் சுற்றி ஒரு கூட்டமே நின்றது. எல்லாரும் இளைஞர்கள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ஒருவன் வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்திருந்தான். ஒருவனின் பொக்கற்றில் சீப்பு இருந்தது. காலையில் தலை வாரிவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

"உவங்கள் எங்கயிருந்து வந்தவங்கள்?" என்று கேட்டாள்.

"முதல்லயே இருந்தவை அன்ரி. இதுதான் முழுப் படம். தேடி எடுக்கக் கனகாலம் போட்டுது" என்றாள் மெலனி. "முதல் போட்ட பேப்பர்க்காரர் பக்கத்தில நிண்ட ஆக்களையெல்லாம் குறொப் பண்ணிப்போட்டு இவரை மட்டும் போட்டவை. பிறகு வந்த எல்லாரும் அதையே கொப்பி பண்ணினவை. நாங்களும்தான். வெக்கப்பட வேண்டிய ஆக்கள் பிரேமுக்கு வெளிய நிம்மதியா இருந்திட்டினம். இவர் மட்டும் தனிய நிண்டு வெக்கப்பட்டுக்கொண்டிருக்கிறார். அதுதான் அவையைத் திரும்ப உள்ள கொண்டந்தன். இவருக்கு உடுப்புப் போட்டு விட்டன்."

கிளடிஸுக்குப் பாடமாக்கிய ஒரு வார்த்தையும் நினைவில் இல்லை. இத்தனை வருடம் அவள் நெஞ்சுக்குள் கிடந்து உறுத்தியதை, இங்கே பிறந்த ஒரு பிள்ளை, கலவரத்தைக் கண்ணால் காணாதவள், நாலு வசனத்தில் எடுத்து வெளியில் வைத்துவிட்டாள். என்ன மூளை, என்ன மனம் என்று வியந்துகொண்டே கிளடிஸ் துணிக்குக் கிட்டப் போனாள். அப்போதுதான் வலப்பக்கத்தில் நின்றவனின் கையைக் கவனித்தாள். அவன் எதையோ சுருட்டிப் பிடித்து மேலே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தாளின்ர கையில என்ன?"

"அதுவோ? கொடி ஏதும் எண்டு நினைச்சன் அன்ரி."

கிளடிஸ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னும் கிட்டப் போனாள். கட்டம் போட்ட துணி. கையின் கீழே அதன் ஒரு பகுதி விரிந்து தொங்கியது. அதில் ஒரு பொக்கற். பொக்கற்றின் கட்டம் சேட்டின் கட்டத்தோடு பொருந்தவில்லை. ஒரு விரல் அளவு கீழே இறங்கி நின்றது.

"கொடி இல்லை" என்றாள். "அது சேட்டு. நான் தைச்ச சேட்டு."

மெலனி திரும்பிப் பார்த்தாள்.

"கலியாணம் கட்டின புதுசில தைச்சனான். முதல் சேட்டு. பொக்கற்றில கட்டம் பொருந்தேல்லை எண்டு அழுதனான். ஆர் பாக்கப் போகினம் எண்டு சொல்லிப்போட்டு அண்டைக்கு வேலைக்குப் போட்டுக்கொண்டு போனவர்." அவளுடைய குரல் உயரவில்லை. "பிள்ளை, அவருக்கு இந்த வெள்ளை வேட்டியைப் போடாதை. உது செத்த வீட்டில போடுறது."

மெலனிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "அப்ப இவர்..."

"வீட்ட நிக்கிறார். தக்காளிக்குத் தண்ணி விடுறார்."

மெலனி நிலத்தில் இருந்துவிட்டாள். ஊசி கிடக்கும் என்று மற்றவர்களுக்குச் சொன்னவள், பார்க்காமலே இருந்துவிட்டாள். இவ்வளவு நாளும் செத்தவர் என்று நினைத்து உடுப்பாட்டிக்கொண்டிருந்தேனே என்று தனக்குத் தானே சொன்னாள். அழப் போகிறாள் என்று கிளடிஸ் நினைத்தாள். அவள் அழவில்லை. எழும்பினாள், ஏணியை இழுத்து வைத்து ஏறினாள், துணியை ஒவ்வொரு கொளுக்கியாகக் கழற்றி இறக்கினாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"அவரிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை அன்ரி. படம் எடுத்தவர் கேக்கேல்லை, போட்டவை கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. எடுத்திட்டன்." துணியை அகலமாக மடித்து அவளுடைய இரண்டு கைகளிலும் வைத்தாள். "இது அவற்ற. அவர் எரிக்கச் சொன்னா எரியுங்கோ. சச்சி அங்கிளுக்கு நான் ஏதும் சொல்லிக்கொள்ளுறன்."

மாதக்கணக்கில் கண்ணைக் கொடுத்துச் செய்த வேலை. பேப்பர்க்காரர் வரப் போகிறார்கள், பெயர் வரப் போகிறது. அதை ஒருவர் ஒரு நிமிடத்தில் மடித்துக் கையில் தருவாரா? கிளடிஸ் தன் வாழ்க்கையில் எத்தனையோ தலைவர்களைக் கண்டிருக்கிறாள், எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறாள். இந்தப் பிள்ளையைப்போல ஒருவரையும் கண்டதில்லை. நிறுத்துகிறதற்காக வந்தவள் இப்போது நிறுத்த முடியாத இடத்துக்கு வந்துவிட்டாள்.

"நீயும் வா" என்றாள். "உன்ர வாயால நீயே கேள்."

மெலனியின் காரில் வீட்டுக்குப் போனார்கள். கிளடிஸ் ஹோலில் சோபாவைத் தள்ளிவிட்டுத் துணியை நிலத்தில் விரித்தாள். தோட்டத்திலிருந்து வந்த கிறிஸ்துநாயகம் துணியைக் கண்டதும் நின்றார். பிறகு கால் படாமல் ஓரமாக நடந்து வந்து, முழங்கால் மூட்டைப் பிடித்துக்கொண்டு குந்தினார். மெலனி கதவடியிலேயே சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அவர் படத்தில் நின்ற தன்னைப் பார்க்கவில்லை. மற்றவர்களைத்தான் ஒவ்வொருவராகப் பார்த்தார். நெற்றியில் கை வைத்திருந்தவனிடம் வந்ததும் விரலால் தொட்டார்.

"உவன் என்னோட ஒரே பஸ்ஸில வாறவன். பேர் தெரியாது. காலமை கண்டா தலையாட்டுவான்." விரலை எடுக்காமலே சொன்னார். "நான் கனவு கண்டனோ எண்டு இவ்வளவு நாளும் யோசிச்சனான். உண்மைதான். அவன்தான்."

பிறகு நடுவில் நின்ற தன்னிடம் வந்தார். வெள்ளை வேட்டியைப் பார்த்தார், வெள்ளைச் சேட்டைப் பார்த்தார், நிமிர்ந்து மெலனியைப் பார்த்தார். "என்ன பிள்ளை, என்னைப் பெட்டியில வைக்க ரெடி பண்ணிப்போட்டாய்?"

"சொறி அங்கிள்" என்றவளுக்கு அதற்கு மேல் வரவில்லை. கராஜில் அழாதவள் இங்கே அழுதாள்.

"அழாதை. வடிவாத் தைச்சிருக்கிறாய். ஆனா இதைப் பிரிச்சுப்போடு. எனக்கு உடுப்புப் போட்டா அவங்கள் கழட்டினது இல்லையெண்டு ஆயிடும். அவங்கள் கழட்டினவங்கள். அது தெரியட்டும்." படத்தின் வலப்பக்க ஓரத்தை, துணி முடிகிற இடத்தைத் தடவினார். "இஞ்ச, இதுக்கு வெளியில ஒரு மனுசி இருந்தவ. வெத்திலை விக்கிற சிங்கள மனுசி. படம் எடுத்தவன் எடுத்திட்டுப் போன பிறகுதான் அவ ஓடி வந்தவ. கூடையை மூடியிருந்த துணியை இழுத்துக் கொண்டந்து என்னைச் சுத்தி, 'என்ர மகன், என்ர மகன்' எண்டு கத்திக்கொண்டு ஒழுங்கைக்குள்ள இழுத்துக்கொண்டு போனவ. அவவுக்கும் அடி விழுந்தது. படத்தில நான் செத்துப்போனன். அவ வந்தது ஒருத்தருக்கும் தெரியாது."

"என்ன துணி அங்கிள்?"

"சிவப்புப் பூப் போட்ட சீத்தை. வெத்திலை மணம்."

மெலனி ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. கையால் காற்றில் ஒரு கோடு போட்டுப் பார்த்தாள். அப்போதே அவளுடைய கண் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

"அப்ப சேட்டு?" என்று கேட்டாள் கிளடிஸ். அவளுக்கு அதுதான் மனதில் நின்றது. அவன் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அவள் தைத்த சேட்டை.

"படத்துக்குப் போட வேண்டாம்" என்றார். "எனக்குத் தையும்."

"அதைப் போட்டுக்கொண்டு அங்கை போகப் போறியளோ? எல்லாருக்கும் தெரிய வரும்."

அவர் மூட்டைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "முதல் ஜெனாட்டுக்குச் சொல்ல வேணும்" என்றார்.

ஜெனாட் அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்த கையோடு, நேர்ஸ் உடுப்போடேயே வந்தாள். கிறிஸ்துநாயகம் தானே சொன்னார். மறைக்காமல், இழுக்காமல், பஸ்ஸில் வந்தவனிலிருந்து வெற்றிலைக்காரிவரை எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "இடப்பக்கம் கொஞ்சம் தூக்கு எண்டு சொன்னீங்களே அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவருடைய மடியில் முகத்தைப் புதைத்தாள். கிளடிஸ் இம்முறை குழாயைத் திறக்கப் போகவில்லை. அங்கேயே இருந்தாள்.

கட்டத் துணிக்குக் கடை கடையாக அலைந்தாள். அவளுக்கு நிறம் நினைவிருந்தது, இளமஞ்சளில் மண்ணிறக் கட்டம். கிட்டத்தட்ட அதேபோல ஒன்று கிடைத்தது. பொக்கற் தைக்கிற நேரம் வந்ததும் கட்டத்தைச் சரியாகப் பொருத்தி ஊசி குத்தி வைத்திருந்தாள். இப்போது அவளுக்கு அது பெரிய வேலையே இல்லை. கிறிஸ்துநாயகம் வந்து எட்டிப் பார்த்து, "பொருத்த வேண்டாம். முந்தி இருந்த மாதிரி வையும்" என்றார். ஒரு விரல் அளவு கீழே இறக்கினாள்.

கோயிலுக்கும் போனாள். இம்முறை பூசை அவருக்கு இல்லை என்று சுவாமியிடம் சொன்னாள். யாருக்கு என்று சுவாமி கேட்டார். பெயர் தெரியாது, உயிரோடு இருக்கிறாரோ என்பதும் தெரியாது, வெற்றிலை விற்ற ஒரு தாய் என்றாள். சுவாமி அதை அப்படியே புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

நினைவுநாள் அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. மேடையில் மெலனியின் துணி தொங்கியது. உள்ளே வந்த சனம் பேச்சை நிறுத்தி நிறுத்திப் பார்த்தது. வெள்ளை நூலையெல்லாம் அவள் பிரித்துவிட்டாள். ஆனால் ஊசி போன துளைகளை அப்படியே விட்டிருந்தாள். அந்த உடம்பைச் சுற்றி, ஒரு காலத்தில் யாரோ அவனுக்கு உடுப்புப் போடப் பார்த்தார்கள் என்று தெரிகிற மாதிரி, துளைகள் நின்றன. சிரிக்கிற முகங்கள் எல்லாம் தெளிவாக இருந்தன. வலப்பக்கத்திலிருந்து, படத்தின் விளிம்புக்கும் வெளியிலிருந்து, உண்மையான சிவப்புப் பூச் சீத்தை ஒன்று பாய்ந்து வந்து அவருடைய தோளில் விழுந்து இடுப்பை மூடியிருந்தது. அதன் மற்றத் தலைப்பு மேடையில் இறங்கிப் படிகளில் வழிந்து, முன்வரிசை ஆட்களின் கால்வரை வந்து கிடந்தது. யாராவது குனிந்தால் கையில் பிடிக்கலாம். கிளடிஸ் அந்தப் படத்துணியை வீட்டில் நிலத்தில் பார்த்தவள்தான். இருந்தும் உடம்பு சிலிர்த்தது. இந்தப் பிள்ளை அவரை மறைக்கவும் இல்லை, அம்மணமாக விடவும் இல்லை. அவருக்கு நடந்ததை முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்று பெருமையாக இருந்தது, தன் சொந்தப் பிள்ளையைப் பற்றிப் பெருமைப்படுகிறமாதிரி.

சச்சிதானந்தனுக்கு ஒரு குறை. "தங்கச்சி, கீழ ஒரு வசனமும் போடேல்லை. பெயர் தெரியாத சகோதரன் எண்டாவது போட்டிருக்கலாம்" என்று கிளடிஸிடம் முணுமுணுத்துவிட்டுப் போய் மைக்கைப் பிடித்தார். இரண்டு நிமிட மௌனம் முடிந்தது. வழக்கம்போல வெள்ளைத் துணி விரித்த மேசை, விளக்கு, பூத்தட்டு. சனம் வரிசைக்கு வந்தது.

கிறிஸ்துநாயகமும் வழக்கம்போல வரிசையில் நின்றார். ஜூலை வெக்கையில் ஜக்கெற் போட்டுக் கழுத்துவரை பூட்டியிருந்தார். "என்ன கிறிஸ்து, குளிருதோ?" என்று யாரோ பகிடி விட்டார்கள். அவர் சிரித்தார். கிளடிஸ் அவருக்குப் பின்னால் நின்றாள். இனியும் அவர் பேசாமல் பூவை வைத்துவிட்டு இறங்கி வரலாம். வந்து சாப்பாடு என்ன என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் அவள் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள் என்று தீர்மானித்திருந்தாள்.

அவருடைய முறை வந்தது. மேடையில் ஏறினார். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற சச்சிதானந்தன் ஒரு பூவை எடுத்து நீட்டினார். கிறிஸ்துநாயகம் அதை வாங்கவில்லை. ஜக்கெற்றின் பூட்டை இறக்கினார். கழற்றி மடித்துக் கிளடிஸிடம் கொடுத்தார். சீத்தை வந்து விழுந்திருந்த இடத்துக்கும், சேட்டைச் சுருட்டிப் பிடித்திருந்த கைக்கும் நடுவில் போய்ச் சனத்தைப் பார்த்து நின்றார்.

முன்வரிசையில் இருந்தவர்கள்தான் முதலில் கண்டார்கள். படத்தில் அந்தக் கையில் இருக்கிற கட்டத்தையும், மனிதரின் உடம்பில் இருக்கிற கட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு அந்த முகத்தைப் பார்த்தார்கள். குனிந்திருந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தார்கள். பின்வரிசையில் ஜெனாட் எழும்பி நின்றாள். மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. இது யாரும் அறிவித்த மௌனம் இல்லை.

சச்சிதானந்தனின் கையில் பூ அப்படியே இருந்தது. "கிறிஸ்து" என்றார். "இவ்வளவு வருசமும் உனக்கோடா நான் பூ வைச்சனான்?"

"நானும்தானே வைச்சனான்" என்றார் கிறிஸ்துநாயகம்.

சச்சிதானந்தனுக்கு அந்தப் பூவை என்ன செய்வதென்று தெரியவில்லை. படத்துக்கு வைக்கவும் முடியவில்லை, தட்டில் திரும்பப் போடவும் முடியவில்லை. கிளடிஸ் முன்னால் வந்தாள். முதலில் குனிந்து விளக்கை ஊதி அணைத்தாள். எத்தனையோ வருடமாக அணைக்க வேண்டும் என்று நினைத்த விளக்கு. பிறகு சச்சிதானந்தனின் விரல்களிலிருந்து பூவை எடுத்துத் தன் புருஷனின் கையில் வைத்தாள்.

"இந்தாங்கோ" என்றாள். "கையில வாங்குங்கோ."

கிறிஸ்துநாயகம் பூவை வாங்கினார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு கட்டம் பொருந்தாத அந்தப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார்.